ஒரு ரோமானியக் காட்சியும் ஒரு குளிர்ந்த சுவரும்: வீட்டில் மாட்டப்பட்ட ஓவியம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள பாத் நகரில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட வரிசை வீடொன்றில், பணி ஓய்வு பெற்ற தம்பதியர் வசிக்கின்றனர். அவர்கள் உள்ளூர் ஏலம் ஒன்றில் வாங்கிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்றைச் சுத்தம் செய்து, வரவேற்பறையில் மாட்டித் தர வேண்டும் என்று கேட்டு செப்டம்பர் மாதத்தில் என்னிடம் கொண்டுவந்தார்கள். ஓவியப் பாதுகாப்புத் தொழிலில் இது வழக்கமான வேலைதான். இருந்தும் இதை எழுதுவதற்குக் காரணம், நான் செய்த ஒரு பிழையும், அந்தப் பிழை எந்த வழியாக வந்தது என்பதும்தான்.

ஓவியத்தில் இருப்பது ரோமானிய வரலாற்றில் நன்கு அறியப்பட்ட ஒரு காட்சி. ரோமானியத் தளபதி ஸ்கிபியோ ஆஃப்ரிகானுஸின் மகளும் கிராக்கஸ் சகோதரர்களின் தாயுமான கொர்னேலியாவின் வீட்டுக்குக் கம்பானியா நாட்டுப் பெண் ஒருத்தி விருந்தாளியாக வருகிறாள். தன் நகைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பெருமை பேசுகிறாள். கொர்னேலியா அவளைப் பேச்சிலேயே நிறுத்தி வைத்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் அவர்களைக் காட்டி, ‘என் நகைகள் இவைதாம்’ என்கிறாள். ரோமானிய எழுத்தாளர் வலேரியஸ் மேக்ஸிமஸ் தம் நூலின் 4ஆம் பாகத்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்தப் பிள்ளைகளில் திபேரியஸ் கி.மு. 133இலும் கையஸ் கி.மு. 121இலும் அரசியல் கலவரங்களில் உயிரிழந்தார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சியின் அமைதி வேறு விதமாகத் தெரியும்.

புதையுண்ட ரோமானிய நகரங்களான ஹெர்குலேனியத்தில் 1738இலும் பொம்பேயில் 1748இலும் அகழ்வுகள் தொடங்கிய பிறகு, ஐரோப்பிய ஓவியர்கள் பண்டைய ரோமை ஒழுக்கப் பாடமாகவும் வடிவப் பாடமாகவும் வரையத் தலைப்பட்டார்கள். அதையே இன்று நவசெவ்வியல் என்கிறோம். அந்தப் பெயரைக் கேட்டதும் நினைவுக்கு வருபவர் பிரெஞ்சு ஓவியர் டாவிட். ஆனால் அவர் 1784இல் வரைந்த ஹொராட்டியர் சபதம் 330 செ.மீ. உயரமும் 425 செ.மீ. அகலமும் கொண்டது, அது வீட்டுச் சுவருக்கானதன்று. ஏஞ்சலிகா காஃப்மன் (1741–1807) 1785ஆம் ஆண்டு வாக்கில் தீட்டிய கொர்னேலியா ஓவியமோ 101.6 செ.மீ. உயரமும் 127 செ.மீ. அகலமும் உடையது; ஆங்கிலேயப் புரவலர் ஒருவருக்காக வரையப்பட்டு, இப்போது அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லண்டனில் 15 ஆண்டுகள் வாழ்ந்து, 1768இல் ராயல் அகாடமியைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்த காஃப்மனின் ஓவியங்கள் அச்சுப்படங்களாகவும், பீங்கான் மீதும், மரச்சாமான்கள் மீதும் பரவின. பர்மிங்காமை அடுத்த சோஹோவில் தொழிலதிபர் மேத்யூ போல்டன் 1770களின் பிற்பகுதியில் ‘இயந்திர ஓவியங்கள்’ என்ற பெயரில் செய்து விற்றவற்றில் பல இவருடைய படைப்புகளின் படிகளே. ரோமானியக் காட்சி ஒன்றை வீட்டில் மாட்டிக்கொள்ள நடுத்தர வர்க்கம் அப்போதே படிகளைத்தான் வாங்கியது. தம்பதியரின் ஓவியத்தையும் அந்த வழக்கத்தின் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

ஏல அட்டவணையில் காஃப்மனின் பெயருக்கு முன்னால் ‘ஆஃப்டர்’ என்ற சொல் இருந்தது. ஏலத் தொழிலில் அதற்கு ஒரே பொருள்தான்: பெயர் தெரிந்த ஓவியர் ஒருவரின் குறிப்பிட்ட படைப்பை வேறொருவர் எந்தக் காலத்திலோ பார்த்து வரைந்த படி. ‘அட்ரிபியூட்டட்’ என்றிருந்தால் அது அநேகமாக அவர் கைப்பட வரைந்தது என்பது ஏலக்காரரின் கருத்து. ‘சர்க்கிள்’ என்றிருந்தால் அவர் காலத்தில் அவரைச் சூழ்ந்திருந்த யாரோ ஒருவர். அம்மையார் ‘ஆஃப்டர்’ என்பதைக் காஃப்மனுக்கு அடுத்து வந்த சீடர் என்று எடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சொல்லை அப்படிப் படித்துவிட்டு வந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மேசையில் கண்டவை

ஓவியம் 63.5 செ.மீ. உயரமும் 76 செ.மீ. அகலமும் இருந்தது. 25க்கு 30 அங்குலம் என்பது ஆங்கிலேய வண்ணக்கடைகள் தயார் நிலையில் விற்ற கேன்வாஸ் அளவு. பின்புறத்தில் முத்திரை ஒன்றின் பாதி தெரிந்தது. கடைப் பெயர் படிக்கும் நிலையில் இல்லை. கேன்வாஸை இழுத்துப் பிடிக்கும் மரச்சட்டத்தின் நான்கு மூலைகளிலும் இரண்டிரண்டாக, துணியை இறுக்குவதற்கான எட்டு ஆப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்று நழுவி, சட்டத்துக்கும் துணிக்கும் நடுவே கீழே விழுந்து கிடந்தது. அது அழுத்திய இடத்தில் ஓவியத்தின் முன்பக்கம் விரலளவுக்குப் புடைத்திருந்தது.

காட்சி காஃப்மனுடையதேதான். ஆனால் இடம் வலமாக, வலம் இடமாக மாறியிருந்தது. ரிச்மண்ட் ஓவியத்தில் கொர்னேலியா நடுவில் நிற்க, மகன்கள் இடப்பக்கம் இருப்பார்கள். நகைப் பெட்டியோடு விருந்தாளி வலப்பக்கம் அமர்ந்திருப்பாள். இதில் மகன்கள் வலப்பக்கம் நின்றார்கள். செப்புத் தகட்டில் உள்ளபடியே செதுக்கினால் காகிதத்தில் படம் திரும்பித்தான் விழும். செதுக்குபவர் முன்கூட்டியே இடம் வலம் மாற்றிச் செதுக்கினால் ஒழிய அதைத் தவிர்க்க முடியாது. ஆகவே இதை வரைந்தவர் மூல ஓவியத்தைக் கண்டவரல்லர், திரும்பி விழுந்த ஓர் அச்சுப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு வரைந்தவர் என்பது என் முதல் ஊகமாக இருந்தது. உடைகளின் நிறங்களும் மூலத்தோடு ஒட்டவில்லை. ஒற்றை மையில் அச்சான படத்தைப் பார்த்து வரைபவர் நிறங்களைத் தம் மனத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். இவர் விருந்தாளிக்கு அடர்நீலம் உடுத்தியிருந்தார்.

அடுத்து காலத்தைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. புறஊதா விளக்கின் கீழ் பழைய பிசின் வார்னிஷ் முழுப்பரப்பிலும் பசுமை கலந்த மங்கலாக ஒளிர்ந்தது. வெளிச்சட்டத்தின் உதட்டுக்குள் மறைந்திருந்த, வார்னிஷ் எட்டாத விளிம்பில் மட்டும் வெள்ளை வண்ணம் எலுமிச்சை மஞ்சளாக ஒளிர்ந்தது. அது துத்தநாக வெள்ளையாக இருக்கலாம் என்று தோன்றியதால், வண்ணத்திலுள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனைக்கு ஆய்வகம் ஒன்றில் நாள் கேட்டு வாங்கினோம். அதற்கு ஐந்து வாரங்கள் ஆயின. முத்துகளின் மினுக்கிலும் கொர்னேலியாவின் ஆடை மடிப்புகளிலும் துத்தநாகம் இருப்பது உறுதியானது. அந்த வெள்ளை பிற்காலத்தில் தொட்டுப் பூசியது அன்று. உருப்பெருக்கியில் பார்க்கையில் வண்ணப்படலத்தின் பழைய வெடிப்புகள் அதனூடாகவே ஓடின. துத்தநாக வெள்ளை எண்ணெய் வண்ணமாகப் புழக்கத்துக்கு வந்தது 1840களுக்குப் பிறகு. காஃப்மன் இறந்து ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழிந்த பின், விக்டோரியா காலத்தில், கைதேர்ந்த ஆனால் பெயர் வைக்காத ஒருவர் வரைந்த படி இது.

இந்தச் செய்தியைச் சொன்னபோது கணவருக்கு ஏமாற்றம் இருந்தது. அம்மையாருக்கு இல்லை. தாம் வாங்கியது காட்சிக்காக என்றார் அவர். 30 ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவர், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளின் முகத்தைத் தினமும் பார்க்க விரும்பினார்.

சுத்தம் செய்ததும் செய்யாமல் விட்டதும்

மேற்பரப்பில் நிலக்கரிப் புகையும் தூசியும் படிந்திருந்தன. அதை எச்சில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் எடுத்தேன். கேலியாகச் சொல்லவில்லை, எச்சிலிலுள்ள நொதிகள் இந்த வகை அழுக்கை வண்ணத்துக்குக் கேடின்றித் தளர்த்தும் என்பதால் உலகெங்கும் இத்தொழிலில் இது நடைமுறை. எச்சில்பட்டதைத் தொட்டால் கை கழுவச் சொல்லும் வீட்டில் வளர்ந்த எனக்கு இது பழகுவதற்குத்தான் நாளாயிற்று. குச்சியை அழுத்தாமல் ஆடையின் மடிப்பின்மேல் உருட்டினால் பஞ்சு இரண்டு சுற்றில் பழுப்பாகும், நான்கு சுற்றில் கறுப்பாகும். அதைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க வேண்டும். மொத்தப் பரப்பையும் முடிக்க நான்கு நாட்கள் பிடித்தன.

மஞ்சளித்த வார்னிஷை நீக்கச் சொல்லித் தம்பதியர் கேட்டிருந்தார்கள். விளிம்பில், நகத்தளவு இடத்தில் மெல்லிய கரைப்பானைச் சோதித்தபோது பஞ்சில் மஞ்சளோடு நீலமும் வந்தது. வரைந்தவர் நீல ஆடையின் மேற்பூச்சில் பிசினைக் கலந்திருந்தார் என்பதற்கு அது அடையாளம்; வார்னிஷ் கரையும் அதே கரைப்பானில் அந்தப் பூச்சும் கரையும். அங்கேயே நிறுத்தினேன். மஞ்சள் இருக்கட்டும் என்ற முடிவை அவர்களிடம் விளக்கி, அந்தப் பஞ்சையும் காட்டினேன், ஒப்புக்கொண்டார்கள். இந்த நிகழ்வில் நான் எடுத்த முடிவுகளில் இதைப் பற்றி எனக்கு இன்றும் ஐயம் இல்லை.

இடத்தைத் தேர்ந்த விதம்

அக்டோபர் இறுதியில், வெயில் அடித்த ஒரு பிற்பகலில் வீட்டுக்குச் சென்றேன். வரைந்தவர் யார் என்பதை அறிய ஐந்து வாரம் காத்திருந்த நாங்கள், எங்கே மாட்டுவது என்பதை இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டோம்.

கணப்பின் மேலே மாட்டவே அவர்கள் விரும்பினார்கள். அங்கு விறகு எரிப்பதால் வெப்பமும் புகைக்கரியும் நேராக மேலேறும் என்று கூறி நான் மறுத்தேன். அது சரியான மறுப்பு. சன்னல்களுக்கு எதிரே இருந்த உட்சுவரில் கோடை மாலைகளில் வெயில் நேராக விழும் என்றார்கள், அதையும் மறுத்தேன். எஞ்சியது, மேற்கு பார்த்த முன்சுவரில் இரண்டு உயரமான சன்னல்களுக்கு நடுவிலிருந்த இடம். அங்கே ஒருபோதும் வெயில் விழாது, கணப்பிலிருந்தும் தொலைவு, அகலமும் பொருத்தம். ஓவியத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 150 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி, இரண்டு கொக்கிகளில், சுவரோடு ஒட்ட மாட்டினேன். அறை நடுவே வைத்த ஈரமானி 50 சதவீதம் காட்டியது. நன்று என்று குறித்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் குறிப்பை இப்போது திறந்து பார்த்தால், வெளிச்சம் பற்றி ஒன்பது வரிகள் எழுதியிருக்கிறேன். சுவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எண்ணெய் வண்ண ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்களே 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சத்தை அனுமதிக்கின்றன. நீர் வண்ண ஓவியத்துக்குரிய 50 லக்ஸ் அச்சத்தை நான் தேவையின்றி இங்கே கொண்டுவந்தேன்.

சனவரியில் நடந்தது

சனவரி நடுவில் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். கேன்வாஸ் தொய்ந்து மூலைகளில் அலையலையாகி, கொர்னேலியாவின் தோள் மேல் வெண்படலம் படிந்ததைப் பார்த்து, ஒரு வாரத்துக்கு முன்பு அவருடைய கணவர் ஓவியத்தைக் கழற்றிப் பின்னாலிருந்த ஆப்புகளைச் சிறு சுத்தியலால் தட்டி இறுக்கியிருந்தார். துணி விறைத்ததும் திருப்தியோடு, கணப்புள்ள அறையிலேயே ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்தார். இரண்டு நாளில் மேல் இடது மூலையில் வெடிப்பு தெரிந்தது.

அவர் செய்ததில் தவறான நோக்கம் எதுவும் இல்லை; ஆப்புகள் இருப்பது அதற்காகத்தானே என்று அவர் கேட்டதற்கு என்னிடம் நேரான மறுமொழியும் இல்லை. துணிக்கும் வண்ணத்துக்கும் இடையே பூசப்பட்டுள்ள விலங்குப் பசை ஈரத்தை உறிஞ்சினால் இளகி விறைப்பை இழக்கும், காய்ந்தால் மீண்டும் சுருங்கி இழுக்கும். இளகிய நிலையில் ஆப்பை இறுக்கிவிட்டுக் காயவைத்தால், ஆப்பின் இழுப்பும் பசையின் இழுப்பும் சேர்ந்து மூலையில் விழுகின்றன. வண்ணப்படலம் அங்கேதான் வெடிக்கும். இங்கு ஏறத்தாழ 4 செ.மீ. நீளத்தில் இரண்டு வெடிப்புகள் மூலையிலிருந்து விசிறிபோல் விரிந்திருந்தன. மூன்று இடங்களில் வண்ணச் செதில்கள் எழும்பி நின்றன. துணியின் பின்புறம் கீழ்ப்பகுதியில், சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பூத்திருந்தது.

அன்று சுவரை அளந்தேன். அறை நடுவில் 19 டிகிரி வெப்பமும் 52 சதவீத ஈரப்பதமும் இருந்தன, கேடில்லை. ஓவியம் தொங்கிய இடத்தில் சுவரின் மேற்பரப்பு வெறும் 12.5 டிகிரி. அதே அறைக் காற்று அந்தச் சுவரை ஒட்டிக் குளிர்ந்தால் அதன் ஈரப்பதம் 79 சதவீதமாகிறது. நீராவி கூடவில்லை, அதைத் தாங்கும் திறன்தான் குறைகிறது. பூஞ்சணம் வளர 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் போதும். வரிசை வீடுகளின் முன்சுவர் இடைவெளியற்ற ஒற்றைக் கட்டுமானம். அந்த ஊரின் சுண்ணக்கல் நுண்துளைகள் நிறைந்தது. தென்மேற்குக் காற்று கொண்டுவரும் மழை முழுவதும் அந்த முகத்தில்தான் அறைகிறது. அதன்மேல் ஒரு கேன்வாஸை ஒட்ட மாட்டினால், அறையின் வெப்பம் சுவரை எட்டாமல் ஓவியமே தடுத்துவிடும்; ஓவியத்துக்குப் பின்னுள்ள இடம் சுற்றியுள்ள சுவரைவிடவும் குளிரும். இவ்வளவும் எனக்குத் தெரிந்தவையே. அக்டோபர் வெயிலில் கையை ஒருமுறை அந்தச் சுவரில் வைத்துப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் முறை எடுத்த முடிவுகள்

முதலில் ஆப்புகளைத் தொடவில்லை. ஓவியத்தைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, முகம் மேலே இருக்கப் படுக்கவைத்து, 55 சதவீத ஈரப்பதத்தில் மூன்று வாரம் விட்டேன். துணி தன்னிலைக்கு வந்த பிறகே ஆப்புகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினேன். செதில்களின் அடியில் ஸ்டர்ஜன் மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையை நுனித் தூரிகையால் செலுத்தி, சூடான சிறு கரண்டியால் அழுத்தி அமர்த்தினேன். உலர்ந்த பூஞ்சணத்தை வடிகட்டியுள்ள உறிஞ்சு கருவியால் எடுத்தேன். தோளின் மேலிருந்த வெண்படலம் வார்னிஷில் ஏறிய ஈரம் மட்டுமே. பெரும்பகுதி தானாகவே மறைந்தது. வெடிப்புகளுக்கு வண்ணம் தொட்டேன். பக்கவாட்டு வெளிச்சத்தில் அவை இன்னும் தெரியும். இனி எப்போதும் தெரியும். இந்த வேலைக்குக் கட்டணம் பெறவில்லை. அதைப் பெருந்தன்மையாக எண்ண வேண்டியதில்லை.

மரச்சட்டத்தின் பின்புறம் முழுவதையும் அமிலமற்ற அட்டையால் மூடினேன். ஆப்புகளும் அதனடியில் மறைந்தன. எட்டு ஆப்புகளையும் நூலால் சட்டத்தோடு கட்டியும் விட்டேன். வெளிச்சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டுகளை ஒட்டி, சுவருக்கும் ஓவியத்துக்கும் இடையே காற்று நடமாட வழி செய்தேன்.

இம்முறை இடத்தைத் தேர்வதற்கு முன் ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் பதிவு செய்யும் சிறு கருவிகளை மூன்று சுவர்களில் ஒரு மாதம் வைத்திருந்தோம். அக்டோபரில் நான் மறுத்த உட்சுவர்தான் எல்லா நாட்களிலும் 45க்கும் 58க்கும் இடையில் நின்றது. அதன் ஒரே குறையான கோடை மாலை வெயிலுக்கு, சன்னல் கண்ணாடிகளில் புறஊதாவைத் தடுக்கும் மெல்லேடும், மாலையில் இழுத்துவிடத் துணித்திரையும் போதுமானவையாக இருந்தன. ஏப்ரலில் அங்கே மாட்டினோம்.

பின்விளைவும், மாற்றிக்கொண்டதும்

அடுத்த குளிர்காலம் முழுவதும் ஓவியத்தின் பின்னால் இருந்த கருவி ஒருநாளும் 60ஐத் தாண்டவில்லை. துணி தொய்யவில்லை. வெடிப்புகள் நீளவில்லை.

இப்போது வீட்டுக்கான ஓவியம் எதை ஏற்றுக்கொண்டாலும், வண்ணச் சோதனைக்கு நாள் கேட்பதற்கு முன் வீட்டைப் பார்த்துவிடுகிறேன். எந்தச் சுவர் வெளிச்சுவர், அது எத்திசை நோக்கியது, எவ்வளவு தடிமன் என்று கேட்டு எழுதி, சுவரின் மேற்பரப்பு வெப்பத்தைக் குளிர்காலக் காலையில் அளக்கிறேன். கோடையில் வேலை வந்தால் தற்காலிகமாகத்தான் மாட்டித் தருகிறேன். ஆப்புகளைத் தட்டக் கூடாது என்பதைப் பின்னட்டையில் எழுதி ஒட்டுகிறேன். வரைந்தவர் யார் என்ற கேள்வியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த வேலையில் அதன் விடை முடிவு செய்தது மிகக் குறைவு. அசல் காஃப்மனாகவே இருந்திருந்தாலும் அந்தச் சுவரில் அதே சனவரியில் அதே மூலையில்தான் வெடித்திருக்கும்.

ஒன்றை மட்டும் பிறகுதான் கவனித்தேன். இப்படிப்பட்ட வீடுகளைக் கட்டிய காலத்தில் இரண்டு சன்னல்களுக்கு நடுவிலுள்ள அந்த இடத்தில் நெடிய நிலைக்கண்ணாடியைத்தான் மாட்டுவார்கள். அதற்கென்றே தனிப் பெயர்கூட உண்டு. கணவர் சந்தையில் அப்படி ஒரு பழைய கண்ணாடியைத் தேடிப்பிடித்து அங்கே வைத்திருக்கிறார். குளிர்காலக் காலைகளில் அதன் கீழ்ப்பாதி ஆவி பூத்து மங்கிப்போகும், பத்து மணிக்குத் தெளியும். கடைசியாக நான் கருவியின் பதிவுகளை எடுக்கச் சென்றபோது அம்மையார் என்னை எதிர்ச் சுவரிலுள்ள ஓவியத்துக்கு முதுகு காட்டி நிறுத்தி, அந்தக் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். அதில் ஓவியம் இடம் வலம் திரும்பி, மகன்கள் இருவரும் இடப்பக்கம், விருந்தாளி வலப்பக்கம் என, ரிச்மண்டில் இருப்பதைப் போலவே தெரிந்தது.